முதுகுன்றமும் அழகுமலையும்

வரதராஜன்பேட்டையில் நின்று நாற்றிசையும் நோக்குவோருக்கு மலை எதுவும் தென்படுவதில்லை. செம்மண் நிலம், முந்திரித் தோப்புகள், மாதா கோவிலின் கோபுரம், நாளெல்லாம் பாடுபட்டு அந்தியில் வீடு திரும்பும் மக்கள் - இவைதாம் அங்குள்ள காட்சி. ஆயினும் அவ்வூரார் நாள் தவறாமல் ஒரு மலையின் பெயரைச் சொல்கின்றனர். ஆண்டிமடம் வழியே வடக்கு நோக்கிச் செல்லும் பேருந்தின் நெற்றியிலே அந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. "விருத்தாசலம்" என்று படிக்கிறோம், ஏறி அமர்கிறோம், சீட்டு வாங்குகிறோம். மலையின் பெயரைத்தான் சொன்னோம் என்ற நினைவு மட்டும் நமக்கு எழுவதில்லை.

விருத்தம் என்றால் முதுமை. அசலம் என்றால் அசையாதது, அதாவது மலை. இரண்டும் சேர்ந்தால் முதிய மலை. தேவாரம் பாடியோர் அவ்வூரை முதுகுன்றம் என்றே வழங்கினர். பழமலை என்ற பெயரும் உண்டு. இன்றும் அங்குள்ள கோவிலின் இறைவனுக்குப் பழமலைநாதர் என்பது பெயர். வேடிக்கையைப் பாருங்கள்! கருவறைக்குள் தமிழ் நுழைந்தால் தீட்டு என்று வாதாடிய நாட்டிலே, தமிழ்ப் பெயர் கருவறைக்குள் அடைக்கலம் புகுந்து பிழைத்திருக்கிறது. ஊருக்கும், இரயில் நிலையத்துக்கும், பத்திரப் பதிவுக்கும், பள்ளிப் பாடத்துக்கும் வடமொழிப் பெயர் வந்து அமர்ந்துவிட்டது.

"அதனால் என்ன? பொருள் ஒன்றுதானே?" என்பர் சிலர்.

ஆம், பொருள் ஒன்றுதான். நாம் கேட்பதும் அதுவே. பொருள் ஒன்றாகவே இருக்கும்போது மாற்றுவானேன்? முதுகுன்றம் என்ற சொல்லிலே பொருட்குறை உண்டா? ஓசைக்குறை உண்டா? கேட்டவருக்கு விளங்காத இருள் ஏதேனும் உண்டா? ஒன்றும் இல்லை. உழவனுக்கும் விளங்கும், உழவன் பெற்ற மகவுக்கும் விளங்கும். அப்படி எல்லார்க்கும் விளங்கியதுதான் அச்சொல் செய்த குற்றம்! சொல்லிலே அவர்கள் குறை காணவில்லை; அச்சொல்லைப் பேசியவனிடம் குறை கண்டனர். அவன் வாயிலிருந்து வந்த பெயர் உயர்ந்த இடத்துக்கு ஒவ்வாது என்று தீர்ப்பளித்தனர். மலையின் பொருள் மாறவில்லை. அம்மலைக்குப் பெயரிடும் உரிமை கைமாறியது.

இன்னொரு கேள்வியும் உண்டு. அதைக் கேட்பவர் நம் எதிரிகள் அல்லர், நம் தோழர்களே. "கல்லைக் கல் என்று சொல்லும் பகுத்தறிவாளர் நீங்கள். கல்லுக்குக் காது இல்லை, கருத்தும் இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறீர்கள். அந்தக் கல்லை எப்பெயரால் அழைத்தால் என்ன? முதுகுன்றம் என்றால் அது மகிழப் போகிறதா? விருத்தாசலம் என்றால் வருந்தப் போகிறதா? வயிற்றுக்கு வழி தேட வேண்டிய நாளில் பெயருக்குப் போராட்டமா?" என்று அவர்கள் கேட்கின்றனர்.

இது தள்ளிவிடத்தக்க கேள்வி அன்று. மலைக்குக் காது இல்லை என்பது உண்மை. ஆனால் பெயர் மலைக்காக இடப்படுவது அன்றே! மலையைப் பார்த்து வாழ்ந்த மனிதன் இன்னொரு மனிதனிடம் சொல்வதற்காக இட்டது அது. பெயரை மாற்றும்போது மலை ஒன்றையும் இழப்பதில்லை, மனிதன் இழக்கிறான். என்ன இழக்கிறான், எவ்வளவு இழக்கிறான் என்பதை அறிய, நம் ஊரிலிருந்து நெடுந்தொலைவில், உலகின் மறுபுறத்தில் நிற்கும் ஒரு மலையைக் காண்போம்.

* * *

தென் அமெரிக்காவிலே ஆண்டிஸ் என்னும் பெருமலைத் தொடர் இருக்கிறது. அத்தொடரில் பொலிவியா நாட்டைச் சேர்ந்தது பொத்தோசி நகரம். கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே அமைந்த ஊர் அது. நம் தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். பொத்தோசியின் தெருக்களே அதனினும் உயரத்தில் இருக்கின்றன என்றால், அந்நகரின் தலைக்கு மேல் கூம்பு வடிவில் சிவந்து நிற்கும் மலையின் உயரத்தை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 4,800 மீட்டர்.

அந்த வட்டாரத்து மக்கள் பேசும் மொழி கெச்சுவா. இன்கா பேரரசின் மொழியாக இருந்தது. இன்றும் பெரு, பொலிவியா, எக்குவடோர் முதலிய நாடுகளில் பல இலட்சம் மக்களின் தாய்மொழியாக வாழ்வது. அம்மொழியில் அந்த மலைக்குப் பெயர் சுமக் ஓர்க்கோ. சுமக் என்றால் அழகிய, நல்ல. ஓர்க்கோ என்றால் மலை. அழகுமலை! பெயரிட்டவன் மன்னனா, மேய்ப்பனா, நாம் அறியோம். ஆனால் அவன் மலையைப் பார்த்தான், அழகைக் கண்டான், கண்டதைச் சொன்னான். அவ்வளவே.

1545ஆம் ஆண்டில் அந்த மலையிலே வெள்ளி இருப்பது ஸ்பெயின் நாட்டவருக்குத் தெரிந்தது. அவர்களும் ஒரு பெயர் இட்டனர்: செர்ரோ ரிக்கோ. பொருள், செல்வ மலை.

மலை ஒன்று, பார்த்த கண்கள் இரண்டு. ஒரு கண் அழகைக் கண்டது, ஒரு கண் ஆதாயத்தைக் கண்டது. முதுகுன்றத்தில் பொருள் மாறாமல் உரிமை மட்டும் மாறிற்று. இங்கோ உரிமையும் மாறிற்று, பொருளும் மாறிற்று. பார்த்து மகிழ்வதற்கு உரியது என்ற பெயர் போய், தோண்டி எடுப்பதற்கு உரியது என்ற பெயர் வந்தது. பெயர் வந்த பின் செயல் வர நேரம் ஆகவில்லை.

வெள்ளியைத் தோண்ட ஆள் வேண்டுமே! 1570களில் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ என்ற ஸ்பானிய அரசப் பிரதிநிதி ஒரு திட்டம் வகுத்தான். சுற்றியுள்ள மாகாணங்களிலிருந்து வேலை செய்யும் வயதுடைய ஆண்களில் ஏழில் ஒருவர் முறை வைத்துச் சுரங்கத்துக்கு வர வேண்டும் என்பது ஆணை. ஆண்டுக்கு 13,500 பேர் அளவில் திரட்டினர். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து, பெண்டு பிள்ளைகளோடும் மூட்டை முடிச்சுகளோடும் அவர்கள் அம்மலைக்கு வந்தனர். இருளிலே இறங்கினர், கனிமக் கல்லை முதுகில் சுமந்து ஏணிகளில் ஏறினர், தூசியை மூச்சாக இழுத்தனர். வெளியே ஆலைகளில் வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் கலந்தனர். அதன் நஞ்சு உழைத்தவர் உடம்பில் ஏறியது. எத்தனை பேர் திரும்பினர், எத்தனை பேர் திரும்பவில்லை என்ற கணக்கை எவரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. எடுத்த வெள்ளியின் கணக்கை மட்டும் எழுதி வைத்தனர். அரசனுக்கு ஐந்தில் ஒரு பங்கு சேர வேண்டுமே!

அந்தக் கட்டாய வேலைக்கு வழங்கிய பெயர் மித்தா. அது ஸ்பானியச் சொல் அன்று, கெச்சுவாச் சொல். முறை என்பது அதன் பொருள். இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மலைக்கு அம்மக்கள் இட்ட பெயர் ஆள்வோருக்கு ஆகவில்லை. அடிமை வேலைக்கு மட்டும் அம்மக்களின் சொல் ஆயிற்று! உயரத்துக்கு ஆண்டவன் மொழி, சுமைக்கு அடிமை மொழி.

இது நமக்குப் புதிதா? ஏவலுக்குத் தமிழ், ஏட்டுக்கு வடமொழி. வயலுக்குத் தமிழ், வழிபாட்டுக்கு வடமொழி. பிறகு ஆணை பிறப்பிக்க ஆங்கிலம் என்று நாம் வாழ்ந்ததில்லையா? "மூட்டையைத் தூக்கு" என்று சொல்ல நம் மொழி போதுமானதாக இருந்தது. ஊருக்குப் பெயர் வைக்க மட்டும் அது போதாததாகிவிட்டது.

அந்த மலை நமக்கு அவ்வளவு தொலைவானதும் அன்று. அமெரிக்க வெள்ளி கடல் கடந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. அதில் ஒரு பங்கை ஐரோப்பியக் கம்பெனிகள் கப்பலில் ஏற்றி, சோழமண்டலக் கரையில் துணி வாங்கக் கொண்டு வந்தன. அங்கே இருளில் ஒருவன் இருமி இருமித் தோண்டிய வெள்ளி, இங்கே தறிக்குழியில் ஒருவன் முதுகு வளைந்து நெய்த துணிக்கு விலையானது. தோண்டியவன் நெய்தவனை அறியான்; நெய்தவன் தோண்டியவனை அறியான். இருவர் பெயரும் ஏட்டில் இல்லை.

* * *

அந்த இருளிலும் ஒரு குரல் எழுந்தது. தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் என்பவர் ஸ்பெயினிலிருந்து வந்த துறவி. பொத்தோசியை நரகத்தின் வாய் என்று குறித்து, அங்கே நடக்கும் கொடுமையைத் தம் நாட்டு ஆட்சியாளருக்கு 1550இல் அவர் எழுதினார். பத்தாண்டுகள் கழித்து, 1560இல், கெச்சுவா மொழியின் முதல் இலக்கண நூல் அச்சேறியது. அதை இயற்றியவரும் அவரே.

இரண்டும் தற்செயலாக ஒருவரிடம் அமைந்தவை என்று நாம் கருதவில்லை. ஒரு மக்களின் மொழியைக் காது கொடுத்துக் கேட்டவனுக்கே அம்மக்களின் அழுகையும் கேட்கும். "செல்வ மலை" என்று சொன்னவனுக்கு வெள்ளி கண்ணில் பட்டது. "சுமக் ஓர்க்கோ" என்று சொல்லக் கற்றவனுக்கு அதைச் சொன்ன மனிதன் கண்ணில் பட்டான். அவரும் தம் சமயத்தைப் பரப்ப வந்தவர்தாம். அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் கற்ற மொழி அவரை ஆண்டவர் பக்கத்திலிருந்து அழுதவர் பக்கத்துக்குச் சிறிது தூரமாவது இழுத்து வந்தது.

இதற்கு நம் அரியலூர் மண்ணிலும் சான்று இருக்கிறது. ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவரின் இயற்பெயர் பெஸ்கி. பிறந்த நாடு இத்தாலி. வந்தவர் இம்மண்ணின் மலைக்கும் ஆற்றுக்கும் இத்தாலியப் பெயர் சூட்டவில்லை. தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்டார். தமிழுக்கு அகராதி ஆக்கித் தந்தார். அவர் பரப்பிய சமயத்தில் நமக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது வேறு. வந்த இடத்தில் ஊரின் பெயரை மாற்றுவதா, தன்னை மாற்றிக் கொள்வதா என்ற கேள்விக்கு அவர் சொன்ன விடை நமக்கு உடன்பாடு.

* * *

இனி, மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மக்களின் பெயரைக் காக்க வேண்டும் என்றால், மக்கள் நம்பியதை எல்லாம் காக்க வேண்டும் என்று பொருளா? பழைமை எல்லாம் புனிதமா?

பொத்தோசி மலையைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஸ்பானியர் வருமுன் இன்கா மன்னன் அங்கே வெள்ளி எடுக்க ஆள் அனுப்பினானாம். மலை இடியென முழங்கி, இது உங்களுக்கு அன்று, தொலைவிலிருந்து வரப் போகிறவர்களுக்கு என்று கூறிற்றாம். கேட்டவர் நடுங்கித் திரும்பினராம்! நாம் ஒன்றே ஒன்று கேட்கிறோம்: இந்தக் கதையால் ஆதாயம் அடைந்தவர் யார்? வெள்ளியை அள்ளிச் சென்றவர்தாமே! "கொள்ளையன் அள்ளினான்" என்றால் குற்றம். "கடவுளே அவனுக்கென்று வைத்திருந்தார்" என்றால் குற்றம் கரைந்து விதியாகிவிடுகிறது. தலையெழுத்து என்றும் கர்மம் என்றும் நமக்குச் சொல்லப்பட்டவையும் இந்தக் குடும்பத்துக் கதைகளே.

அச்சுரங்கங்களுக்குள் ஒரு மண் உருவம் உண்டு. தலையில் கொம்பு, வாயில் சுருட்டு. அதன் பெயர் தீயோ. ஸ்பானிய மொழியில் மாமன் என்று பொருள். சுரங்கத் தொழிலாளி அதன் முன் மதுவும் கொக்கா இலையும் படைக்கிறான். புகைக்கச் சிகரெட்டும் பற்ற வைக்கிறான். மலை இடிந்து விழாமல் மாமன் காக்க வேண்டுமாம். நாம் அத்தொழிலாளியைப் பார்த்து நகைக்க மாட்டோம். மேற்கூரைக்கு முட்டுக் கொடுக்க ஆளில்லாத இடத்தில், மூச்சுக்குக் காற்று வர வழி செய்யாத இடத்தில், அச்சம் ஒரு சாமியைப் படைத்துக் கொள்கிறது. உருவத்தை உடைப்பதால் மட்டும் அச்சாமி ஒழியாது. அச்சத்தை உண்டாக்கிய நிலையை ஒழிக்க வேண்டும்.

ஆகவே பெயர் வேறு, நம்பிக்கை வேறு. அழகுமலை என்ற பெயரைக் காப்போம். மலை பேசிற்று என்ற கதையைக் காக்க மாட்டோம். முதுகுன்றம் என்ற சொல்லைப் போற்றுவோம். அக்குன்றின்மேல் கட்டிய புராணத்தைப் போற்ற வேண்டிய கடமை நமக்கு இல்லை. சொல் மக்களின் உடைமை. புராணமோ பெரும்பாலும் அம்மக்களை அடக்கியவனின் கருவி.

* * *

நம் கையையும் சற்று விரித்துப் பார்ப்போம். அதில் கறை இல்லையா?

கெச்சுவா மொழியே எல்லா ஊருக்கும் அன்பினால் மட்டும் பரவிய மொழி அன்று. இன்காக்களின் படையோடும் ஆட்சியோடும் அது பல நிலங்களுக்குச் சென்றது. மித்தா என்ற முறை வேலையும் அவர்கள் ஆட்சியிலேயே இருந்ததுதான். ஸ்பானியர் அதைப் பிடுங்கிக் கொடியதாக்கினர்.

வரதராஜன்பேட்டையிலிருந்து தெற்கே போனால் ஜெயங்கொண்டம். அதற்கு அப்பால் கங்கைகொண்ட சோழபுரம். வெற்றி கொண்ட ஊர், கங்கை கொண்ட ஊர்! 11ஆம் நூற்றாண்டில் முதலாம் இராசேந்திரன் அமைத்த தலைநகரின் பெயரிலேயே படையெடுப்பு இருக்கிறது. பெருமை பேசுகிறோம், பேசுக. ஆனால் சோழர் கல்வெட்டுகளிலே வெட்டி என்ற ஒரு சொல் வருகிறது. கூலி இல்லாத கட்டாய வேலை அது. இன்றும் பயனற்ற வேலையை வெட்டி வேலை என்கிறோமே, அந்தச் சொல்லின் உள்ளே எத்தனை பேரின் வியர்வை உலர்ந்து கிடக்கிறது! தமிழ் மன்னன் வாங்கினான் என்பதற்காக அந்த வேலை இனித்திருக்குமா?

தொட்டபெட்டாவை மீண்டும் எண்ணுவோம். தமிழ்நாட்டின் தலையாய சிகரத்தின் பெயர் தமிழ் அன்று. நீலமலையில் வாழும் படுகர் மொழியில் அது பெரிய மலை. "தமிழ்நாட்டின் உச்சிக்குத் தமிழ்ப் பெயர் வேண்டாமா? பெருமலை என்று மாற்றினால் என்ன? பொருள் ஒன்றுதானே?" என்று நாளை நம்மில் ஒருவர் கேட்கலாம். கேட்டால் நாம் சொல்ல வேண்டிய விடை என்ன? முதுகுன்றத்தை விருத்தாசலம் ஆக்கியவனும் பொருள் ஒன்றுதானே என்றுதான் சொன்னான்! நமக்கு இழைத்ததைத் தீது என்று சொல்லும் நாக்கு, நாம் இழைக்கும்போது நீதி என்று சொல்லலாமா? தொட்டபெட்டா தொட்டபெட்டாவாகவே இருக்க வேண்டும். படுகரும், தோடரும், இருளரும் தம் குன்றுக்கும் ஓடைக்கும் வைத்த பெயர்களை, எழுதுகோல் நம் கையில் இருக்கிறது என்பதற்காக நாம் அழித்தல் ஆகாது.

அப்படியானால் அளவுகோல் எது? பழைமை அன்று, பழைமைக்கு முன்னும் ஒரு பழைமை இருக்கும். புனிதம் அன்று, அது ஆள்வோன் தைத்த சட்டை. எண்ணிக்கை அன்று, எண்ணிக்கையில் சிறியவன் எப்போதும் தோற்பான். மலையடியில் வாழ்ந்து, அம்மண்ணில் பாடுபட்டு, தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த மக்களின் வாய்ச்சொல் எதுவோ, அதுவே அளவுகோல். அந்தச் சொல்லை அவர்கள் தாமே மாற்றிக் கொள்ளலாம். அவர்களை இழிந்தவர் என்று கருதி மற்றொருவன் மாற்றுதல் கூடாது.

* * *

வயிற்றுக்கு வழி தேடும் நாளில் பெயருக்குப் போராட்டமா என்று கேட்ட தோழருக்கு இனி விடை சொல்லலாம்.

1956ஆம் ஆண்டு சூலைத் திங்களில், காந்திய வழியில் நின்ற சங்கரலிங்கனார், சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பதையும் பிற கோரிக்கைகளையும் முன்வைத்து விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கினார். 76 நாட்கள் கடந்து, அக்டோபர் 13இல் உயிர் நீத்தார். அன்றும் பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டவர் உண்டு. 1967 சூலை 18இல் அண்ணா முதலமைச்சராக இருந்த சட்டமன்றத்தில் பெயர்மாற்றத் தீர்மானம் நிறைவேறியது. 1969 சனவரி 14இல் அது நடைமுறைக்கு வந்தது. அன்று எவர் வயிறும் அப்பெயரால் நிறைந்துவிடவில்லை. ஆனால் தன் நாட்டைத் தன் சொல்லால் அழைக்க உரிமை பெற்றவன், தன் கூலியைக் கேட்கவும் தலை நிமிர்ந்தான். தன்னை அழைக்கும் பெயரையே பிறன் தீர்மானிக்க விட்டவன், தனக்குரிய கூலியையும் பிறன் தீர்மானிக்க விடுவான்.

எனினும் பெயரோடு நின்றுவிடக் கூடாது. இதையும் பொத்தோசி மலையே கற்பிக்கிறது. 1812இல் மித்தா சட்டப்படி ஒழிந்தது. 2009இல் வந்த பொலிவிய அரசியல் சட்டம் ஸ்பானிய மொழியோடு அம்மண்ணின் 36 மொழிகளையும் ஆட்சி மொழிகளாக ஏற்றது. கெச்சுவா அவற்றில் ஒன்று. மகிழ வேண்டிய வெற்றி. ஆனால் அந்த மலைக்குள் இன்றும் தொழிலாளர் தோண்டிக் கொண்டிருக்கின்றனர். கல்தூசி படிந்த நுரையீரலோடு முதுமை காணாமல் மடிகின்றனர். நான்கரை நூற்றாண்டுக்கு மேலாகக் குடையப்பட்ட மலையின் உச்சியில் 2011இல் பெரும்பள்ளம் விழுந்தது. 2014இல் யுனெஸ்கோ அவ்விடத்தை ஆபத்தில் உள்ள உலகப் பாரம்பரியங்களின் பட்டியலில் சேர்த்தது. அழகுமலை என்ற பெயர் உயிரோடிருக்க, அழகும் மலையும் உள்ளே குழிந்து கொண்டிருக்கின்றன.

நம் ஊரிலும் காண்கிறோம். அரியலூர் வட்டாரத்தில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய குழிகள் வாய் பிளந்து கிடக்கின்றன. முந்திரிக் கொட்டையை உடைக்கும் பெண்களின் கைகளை அதன் ஓட்டு எண்ணெய் சுட்டுப் புண்ணாக்குகிறது. முதுகுன்றம் என்று பலகையில் எழுதிவிட்டு, அப்பலகையின் கீழே அந்தக் கைகள் புண்ணோடு நிற்குமானால் நாம் பாதி வழியில் நின்றவர் ஆவோம். பெயரை மீட்டல் முதற்படி. பெயரிட்டவனை மீட்டலே முடிந்த முடிபு.

எனவே, முதற்படியில் காலை வைப்போம். விருத்தாசலம் என்று பழகிய நாக்கைக் கடிந்து பயன் இல்லை; அது நம் பிழை அன்று. ஆனால் அடுத்த முறை அந்தப் பேருந்தில் ஏறும்போது, பக்கத்தில் அமர்ந்த பிள்ளையிடம் சொல்வோம்: "இவ்வூருக்கு முதுகுன்றம் என்று நம்மவர் இட்ட பெயர் ஒன்று உண்டு. இதுபோலவே, கடலுக்கு அப்பால் அழகுமலை என்று ஒரு மலை இருக்கிறது. அதற்கும் அப்பெயரை இட்டவர் பாடுபடும் மக்களே."

பிள்ளை கேட்கும், "ஏன் மாற்றினார்கள்?" என்று. அந்தக் கேள்வி பிறந்தால் போதும்.